“சைஸ் என்ன அண்ணாச்சி?” – வாசகர் கேள்வி பதில்

அச்சகம், டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைப்பது) தொழிலிலிருந்து வெப் டிசைன் பக்கம் வருகிறவர்கள் தங்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தென்காசி, செங்கோட்டை, புளியரை, மலை தாண்டி ஆரியங்காவு, புனலூர் என்று எல்லைப் பக்கத்துக் கடிதங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

செங்கோட்டையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. பேஜ்மேக்கர், கோரல் டிரா என்ற இரண்டு டிசைன் மென்பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ், பில் புக் எல்லாம் இங்கே செட் பண்ணி சிவகாசியில் அடித்து வாங்குவேன். இப்போது வேலை குறைந்துபோனதால் வெப் டிசைன் கற்றுக்கொள்கிறேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் பக்கம் செய்தேன். என் மானிட்டரில் அச்சு மாதிரி உட்கார்ந்தது. பார்ட்டி போனில் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, பெரிதாக்கினால் போன் நம்பர் ஓரத்தில் வெட்டுப்படுகிறது. அளவே இல்லாத தொழிலை எப்படிக் கற்பது?
– செங்கோட்டை

உங்கள் எரிச்சல் நியாயமானது தம்பி. ஒரு வேலை வந்தால் நம் வாயில் முதலில் வருவது “சைஸ் என்ன?” என்பதுதான். டெமியில் நாலில் ஒன்றா, எட்டில் ஒன்றா, ஏ4-ஆ. அது தெரிந்த பிறகுதான் பேப்பர், விலை, எழுத்து அளவு எல்லாமே. அந்தக் கேள்விக்கே பதில் இல்லாத இடத்துக்கு வந்து நிற்கிறீர்கள், தலை சுற்றாமல் என்ன செய்யும்.

பொடி எழுத்துக்குக் காரணம் அநேகமாக ஒரே ஒரு வரி விட்டுப்போனதுதான். வியூபோர்ட் என்று ஒரு மெட்டா வரி பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் போன், வந்திருப்பது கம்ப்யூட்டருக்கான பக்கம் என்று எடுத்துக்கொண்டு, தன் திரையே சுமார் 980 பிக்சல் அகலம் என்று பாவனை செய்து முழுப் பக்கத்தையும் வரைந்து, அப்புறம் அதைச் சுருக்கிக் காட்டும். அந்த வரியைச் சேர்த்தால் எழுத்து பெரிதாகிவிடும், ஆனால் உடனே அடுத்த பிரச்சினை வரும். நீங்கள் பெட்டிகளுக்கு 1200 பிக்சல், 600 பிக்சல் என்று அகலத்தைப் பூட்டி வைத்திருப்பீர்கள், பிரவுசர் கணக்கில் 360 பிக்சல் அகலமே உள்ள போனில் அது வலப்பக்கம் வழிந்து ஓடும். வெட்டுப்பட்ட போன் நம்பருக்கு அதுதான் காரணம். பிக்சலில் பூட்டாமல் சதவீதத்தில் கொடுங்கள், அல்லது அதிகபட்ச அகலம் மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். நம்பரைத் தொட்டால் கால் போகிற மாதிரி லிங்க்காகவும் போடுங்கள். லாட்ஜ் பக்கத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நம்பருக்காகத்தான் வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

இந்தக் குடைச்சல் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1991-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வெப்பை வெளியே விட்டபோது அது விஞ்ஞானிகள் கட்டுரை பரிமாறிக்கொள்ளத்தான். தலைப்பு, பத்தி, பட்டியல், லிங்க், அவ்வளவுதான். இடது கால் அங்குலம் விடு, இந்த எழுத்து நீலத்தில் வரட்டும் என்று சொல்ல அதில் சரியான வழியே கிடையாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்வதற்கான சிஎஸ்எஸ் என்ற மொழி 1996 டிசம்பரில்தான் அதிகாரபூர்வமாக வந்தது, பிரவுசர்கள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள இன்னும் பல வருஷம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் அச்சிலிருந்து போன டிசைனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டவணை போடுவதற்கு இருந்த டேபிளை எடுத்து அதற்குள் பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடைத்தார்கள், இடம் நகராமல் இருக்க ஒரு பிக்சல் அளவில் கண்ணுக்குத் தெரியாத படத்தை நடுநடுவே சொருகினார்கள். நம் ஆள் புத்தி உலகம் முழுக்க ஒன்றுதான். போன் வந்ததும் அந்தக் கட்டடம் எல்லாம் சரிந்தது. 2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்பவர் ஒரு கட்டுரையில், திரைக்குத் தகுந்தபடி ஒரே பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை எழுதிக் காட்டினார். ரெஸ்பான்சிவ் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் அடுத்தடுத்து, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வந்தது. பேஜ்மேக்கரில் நெடுக்குப் பத்தி பிரித்து கைட் கோடு இழுத்த கைக்கு கிரிட் ரொம்ப சொந்தமாக இருக்கும். நீங்கள் தொடங்குகிற நேரம் நல்ல நேரம்தான் என்கிறேன்.

வேலைக்கு வருவோம். இடத்தை முடிவு செய்யும் அதிகாரம் உங்களிடம் இல்லை, வரிசையை முடிவு செய்யும் அதிகாரம் முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது. பாவூர்சத்திரம் சந்தையில் கேரளாவுக்குப் போகும் காய்கறியை ஒருநாள் லாரியில் ஏற்றுவார்கள், ஒருநாள் குட்டியானையில் ஏற்றுவார்கள். வண்டி எதுவானாலும் பூசணி அடியில், தக்காளி மேலே என்பது மாறாது. அதே மாதிரி லாட்ஜ் பெயர், எங்கே இருக்கிறது, அறை வாடகை, போன், படம், அப்புறம் மற்றதெல்லாம் என்று முதலில் வெறும் மேட்டராக ஒரே நெடுக்குவரிசையில் அடியுங்கள். கலர் வேண்டாம், பெட்டி வேண்டாம். அதைப் போனில் படித்துப் பார்த்து சரியாக இருந்தால் மட்டும் பெரிய திரைக்கு இரண்டு நெடுக்குப் பத்தியாகப் பிரியுங்கள். நாம் பழக்கதோஷத்தில் பெரிய தாளில் அழகாகப் போட்டுவிட்டு அதைச் சின்னதாக்கப் பார்க்கிறோம், அங்கேதான் அத்தனை பாடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கொடை நோட்டீஸில் வரிதாரர் (கொடைக்கு வரி கொடுத்தவர்) பெயர் ஒன்று ஒரே வரியில் கொள்ளாமல் இன்ஷியல் மட்டும் கீழே தொங்கினால் என்ன செய்வோம்? எழுத்தின் அகலத்தை 92 சதவீதமாக்கி உள்ளே தள்ளுவோம். வெப்பில் அந்த வேலையே வேண்டாம். உங்கள் திரையில் நீங்கள் தள்ளி உட்கார வைத்த வரி அடுத்தவன் போனில் வேறு இடத்தில் உடையும், பெரியவர் ஒருவர் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் இன்னும் வேறு இடத்தில் உடையும். உடையட்டும், விடுங்கள். கடைசி வார்த்தை தனியாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அச்சுக்காரனுக்கு இதில் மிகக் கஷ்டமான பாடம், எனக்கு இன்னும் கை அரிக்கும்.

அளவு விஷயத்தில் ஒன்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சிஎஸ்எஸ் கணக்கில் அங்குலத்துக்கு 72 பாயின்ட், 96 பிக்சல். ஆக நம் 12 பாயின்ட்தான் அங்கே 16 பிக்சல், பிரவுசர்கள் சாதாரண எழுத்துக்கு வைத்திருக்கும் அளவும் அதுவே. ஆனால் ஸ்கேலை எடுத்துப் போன் திரையில் வைத்து அளக்காதீர்கள், அந்த அங்குலம் நிஜ அங்குலம் இல்லை. லீடிங்கும் (வரிகளுக்கு இடையே விடும் இடம்) நம் கணக்கில் வராது, கூடுதல் இடத்தைப் பாதி வரிக்கு மேலும் பாதி கீழும் பிரித்துப் போடும். அதனால் தலைப்பு பெட்டியின் மேல்விளிம்பை ஒட்டி உட்காராமல் கொஞ்சம் இறங்கியே நிற்கும். இது தெரியாமல் ராத்திரி முழுக்க அதை மேலே தள்ளப் பார்த்தவர்கள் உண்டு.

அண்ணே, பழைய ஃபைலில் இருக்கும் தமிழ் மேட்டரை காப்பி செய்து வெப் பக்கத்தில் போட்டால் ஆங்கில எழுத்தாக வருகிறது. பாமினி ஃபாண்டைப் பக்கத்தோடு சேர்த்து ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– பாவூர்சத்திரம்

செய்யாதீங்க தங்கச்சி. கண்ணுக்குச் சரியாகும், வேறு எதுவும் சரியாகாது. பாமினியில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் ஃபைலுக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். ஃபாண்ட் அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. தாளில் மை ஏறிவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. வெப்பில் கேட்பார்கள். கூகுள் தேடல் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதைத்தான் வாசிக்கும், ஒருவர் நம்பரோடு ஊர்ப்பெயரை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அந்த ஆங்கிலக் குப்பைதான் போகும்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொது முறையான யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் 1991-லிருந்தே இருக்கிறது, தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. பழைய மேட்டரை மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. புதிதாக அடிக்கும்போதும் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. என்ஹெச்எம் ரைட்டரில் பாமினி விசைப்பலகையையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், விழுவது யூனிகோடாக இருக்கும்.

மாற்றி முடித்ததும் கட்டாயம் ஒரு புரூஃப் பாருங்கள். பழைய ஃபாண்டுகளில் ‘ர்’ என்பதும் துணைக்கால் மேல் புள்ளி வைத்ததும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால் பலரும் ‘தமிழர்’ என்பதில் ர் வர வேண்டிய இடத்தில் துணைக்கால் போட்டு அதற்கு மேல் புள்ளி வைத்திருப்பார்கள். மாற்றிய பிறகும் அது பார்வைக்கு அப்படியே சரியாகத்தான் தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. பெரிய பெரிய செய்தித் தளங்களிலேயே இது மண்டிக் கிடக்கிறது. துணைக்கால் போட்டு உடனே புள்ளி வருகிற இடங்களைத் தேடி ‘ர்’ என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள், தமிழில் அப்படி ஒரு சேர்க்கையே கிடையாது என்பதால் தைரியமாக மாற்றலாம்.

ஃபாண்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் சும்மா கிடைக்கும். வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.6 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரி ‘ழூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் தலையும் முட்டிக்கொள்ளும். இருபக்கமும் நேர்வெட்டாக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்யாதீர்கள். நம் பத்திரிகைகளில் வார்த்தையை எந்த எழுத்திலும் முறித்து அடுத்த வரிக்குத் தள்ளுவோம், பிரவுசர் தானாக அப்படி முறிக்காது. ‘திருவனந்தபுரத்திலிருந்து’ என்று ஒரு வார்த்தை அப்படியே கீழே இறங்கினால், மேல்வரியில் மிச்சமிருக்கும் இரண்டு வார்த்தைகளை இழுத்து நடுவில் ஒரு பேருந்து போகிற அளவு சந்து விடும். இடப்பக்கம் ஒட்டியபடி விடுங்கள், பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

நோட்டீஸை கோரலில் செய்து ஜேபெக்காக எக்ஸ்போர்ட் பண்ணி அப்படியே பக்கத்தில் போட்டுவிட்டால் ஃபாண்ட் தொல்லையும் இல்லை, அளவு தொல்லையும் இல்லையே?
– கடையநல்லூர்

தொல்லை உங்களுக்கு இல்லை, பார்க்கிறவருக்கு. அச்சுக்கு வைக்கிற 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 என்றால் 2480-க்கு 3508 பிக்சல். பெரும்பாலான போன்களின் திரையில் நிஜமாக இருப்பது 1080 பிக்சல் அகலம்தான் (மேலே சொன்ன 360 பிரவுசர் போடும் கணக்கு), அதிலும் எட்டு பாயின்ட் எழுத்தை விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். புளியரை எஸ் வளைவில் பஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது சிக்னல் வந்து வந்து போகும் போனில் ஒருவர் நீங்கள் பக்கம் செய்து கொடுத்த லாட்ஜைத் தேடுகிறார் என்று வையுங்கள், அந்தப் படம் இறங்கி முடிப்பதற்குள் அவர் வேறு லாட்ஜுக்கு போன் போட்டுவிடுவார். படம் படமாக இருக்கட்டும், எழுத்து எழுத்தாக இருக்கட்டும். டிபிஐ கணக்கையும் மறந்துவிடுங்கள், திரைக்குப் பிக்சல் எண்ணிக்கை மட்டும்தான்.

ஆரியங்காவில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். இங்கே ஒரு ஹோம்ஸ்டேவுக்குத் தமிழ், மலையாளம் இரண்டிலும் பக்கம் செய்கிறேன். மலையாளம் என் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியும் முதலாளி போனில் வேறு மாதிரியும் தெரிகிறது. “இதென்ன பழைய எழுத்து” என்று கேட்கிறார்.
– ஆரியங்காவு

நம் பக்கத்தில் இந்த வேலை வராமல் இருக்காது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர்தானே, நோட்டீஸ் இரண்டு மொழியில் கேட்பது இங்கே புதிதில்லை.

மலையாளத்தில் 1971-ல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்து, டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் வசதியாகக் கூட்டெழுத்துகளைப் பிரித்து எளிமையாக்கியது. யூனிகோடில் உள்ளே அடிக்கப்படுவது பெரும்பாலும் ஒன்றேதான். அதைக் கூட்டெழுத்தாகச் சேர்த்துக் காட்டுவதா, பிரித்துக் காட்டுவதா என்பது ஃபாண்டின் கையில். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபாண்ட், அவர் போனில் ஒரு ஃபாண்ட், அதனால் வந்த வித்தியாசம் இது. நீங்களே ஒரு ஃபாண்டை முடிவு செய்து பக்கத்தோடு அனுப்புங்கள். இலவசமாகக் கிடைக்கும் மஞ்சரி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது பழைய முறைக் கூட்டெழுத்துகளைக் காட்டும், முதலாளிக்குப் பிடிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லு எழுத்துகளையும் (நம் புள்ளி எழுத்து மாதிரி, உயிர் சேராமல் நிற்கும் சில மலையாள மெய்யெழுத்துகள்) கவனியுங்கள். 2008-ல் வந்த யூனிகோடு 5.1-ல்தான் அவற்றுக்குத் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பு அடித்த மேட்டர் கைக்கு வந்தால் சில்லுகள் வேறு முறையில் இருக்கும், சில இடங்களில் உடைந்து தெரியும், தேடலிலும் பொருந்தாது. அப்புறம், தமிழ்ப் பகுதிக்குத் தமிழ் என்றும் மலையாளப் பகுதிக்கு மலையாளம் என்றும் பக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் மொழி அடையாளம் கொடுக்க மறக்காதீர்கள். வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்று சொல்வது அதுதான்.

ஐம்பதைத் தாண்டிவிட்டேன். எனக்கெல்லாம் கோடிங் வருமா? இழுத்துப் போட்டுச் செய்யும் வெப்சைட் பில்டர் போதாதா?
– தென்காசி

வரும். ட்ரெடில் அச்சு மெஷினுக்கு எழுத்துக் கோத்தவர்கள் பேஜ்மேக்கருக்கு வந்தபோதும் இதையேதான் கேட்டார்கள், வந்துவிட்டார்கள். அந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல் வந்தது, இன்னும் நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தனிக் கதை.

பில்டர் தப்பில்லை, சின்னக் கடைக்குப் போதும். ஆனால் கோடிங் தெரியாமல் அதில் இறங்கினால் நம் ஆட்கள் அதையும் கோரல் டிராவாக்கி, பெட்டியை இழுத்து இழுத்து ஒட்டுவார்கள், பழைய வியாதி அப்படியே இருக்கும். அதனால் கொஞ்ச நாள் நோட்பேடில் கையால் அடியுங்கள். பயிற்சிக்கு வேறு எதுவும் வேண்டாம், நீங்கள் கடைசியாக அடித்த கொடை நோட்டீஸையே எடுங்கள். கோயில் பெயர் பெரிய தலைப்பு, நாள்வாரி நிகழ்ச்சி அடுத்த நிலைத் தலைப்பு, கணியான் கூத்து எத்தனை மணி, அன்னதானம் எத்தனை மணி என்பது பட்டியல், வரிதாரர் பெயர்கள் இன்னொரு பட்டியல். எது தலைப்பு, எது துணைத்தலைப்பு, எது விவரம் என்று பிரிக்கிற கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு நேராக வருகிற பையன்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் சிஎஸ்எஸ் சேர்த்து, பிரவுசர் ஜன்னலை அகலமாக்கியும் ஒடுக்கியும் பாருங்கள். எம்டிஎன் என்ற மொசில்லாவின் கையேடு இலவசம், ஆங்கிலம்தான், ஆனால் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தே பாதி புரியும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இப்போது போக வேண்டாம்.

பார்ட்டி “எங்க மச்சான் பையனே சும்மா செஞ்சு தருவான்” என்கிறார். செய்து கொடுத்தாலும் வேலை முடிவதே இல்லை. தினமும் “அந்த ரேட்டை மாத்துங்க” என்று போன்.
– பிரானூர்

மச்சான் பையன் செய்தால் செய்யட்டும், சீசன் நடுவில் பக்கம் நின்றுபோனால் உங்களிடம்தான் வருவார்கள்.

இரண்டாவது சங்கடம்தான் பெரியது. அச்சில் ஆயிரம் நோட்டீஸ் கட்டி டெலிவரி கொடுத்தால் கணக்கு முடிந்தது. பிழை இருந்தாலும் “நீங்கதானே புரூஃப்ல கையெழுத்துப் போட்டீங்க” என்று சொல்லிவிடலாம். வெப்பில் பிளேட் (அச்சுத் தகடு) என்ற ஒன்றே கிடையாது, எந்த நிமிஷமும் மாற்றலாம் என்பது பார்ட்டிக்கும் தெரிந்துபோய்விட்டது. அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு விலை சொல்லுங்கள். செய்து கொடுப்பதற்கு ஒன்று, வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்வதற்கு ஒன்று. பராமரிப்பில் மாதத்துக்கு எத்தனை திருத்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளம் இருக்கும் வாடகை இடம்) வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியவை, அந்தப் பணம் தனி என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். டொமைனை உங்கள் பெயரில் வாங்காதீர்கள், பார்ட்டி பெயரில், பார்ட்டியின் மெயிலில் பதியுங்கள். நாளைக்குச் சண்டை வந்தால் “என் கடைப் பெயரைப் பிடித்து வைத்திருக்கிறான்” என்ற பேச்சு இந்தச் சின்ன ஊரில் நமக்கு வேண்டாம்.

பார்ட்டியின் விசிட்டிங் கார்டில் இருக்கும் மெரூன் கலரை வெப் பக்கத்தில் அப்படியே கொண்டுவர முடியவில்லை. சிஎம்ஒய்கே அளவுகளை எப்படி மாற்றுவது?
– புனலூர்

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு, ஆனால் அப்படியே வராது. அங்கே தாளில் நாலு மை, அதன் கணக்கு சிஎம்ஒய்கே; இங்கே திரையே வெளிச்சம், கணக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி. போனுக்குப் போன் வெளிச்சமும் சாயலும் மாறும். கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலைந்து போனில் பார்த்து, எல்லாவற்றிலும் ஓரளவு மெரூனாகத் தெரியும் ஒன்றை முடிவு செய்யுங்கள். அதைவிட அதன் மேல் வரும் எழுத்து தெளிவாகப் படிக்க முடிகிறதா என்பது முக்கியம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று ஒரு பொது அளவுகோல் உண்டு, அதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகளும் கிடைக்கும். மெரூனில் வெள்ளை எழுத்து தாராளமாகத் தேறும், நோட்டீஸ் வழக்கத்தில் சிவப்பு எழுத்தைக் கொண்டுபோய் வைத்தால் தேறாது. கலருக்கு ஓகே வாங்கும்போது உங்கள் மானிட்டரில் காட்டாதீர்கள், பார்ட்டியின் போனிலேயே திறந்து காட்டி ஓகே வாங்குங்கள்.